பல் துலக்கல்: சேலத்துக் கேள்விகளும் பல் டாக்டரின் பதில்களும்

அம்மாப்பேட்டை: நன்றாக அழுத்தித்தான் தேய்க்கிறேன். ஆனாலும் ஈறில் ரத்தம் வருகிறது டாக்டர். கொஞ்ச நாள் துலக்காமல் விடலாமா?

விடாதீங்க. விட்டால் இன்னும் மோசமாகும். பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறில் பிரஷ் பட்டால் ரத்தம் வரும். நம் ஆட்கள் பல்லின் நடுப்பகுதியைப் பாத்திரம் விளக்குவதுபோல் தேய்த்துவிட்டு அந்த ஓரத்தை மறந்துவிடுகிறார்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பல்லாக, மெதுவாக அசையுங்கள். உள்பக்கமும் அப்படியே. மொத்தம் 2 நிமிடம். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் பல்லில் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, கட்டியிருக்கலாம். அதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது, பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

ஓமலூர் பக்கம்: பையனுக்கு 9 வயது. முன்பல்லில் பழுப்புத் திட்டு. இருவேளை துலக்கியும் போகவில்லை.

வீட்டில் போர் தண்ணீர் குடிக்கிறீர்களா? சேலம், தருமபுரி பக்கம் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலே திட்டுத் திட்டாக உருவாகும். அதனால் பையனைத் திட்டாதீர்கள், தேய்த்து எடுக்கக்கூடிய கறை இல்லை அது. குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். தம்பி தங்கை இருந்தால் இன்றே காவிரித் தண்ணீருக்கு மாற்றுங்கள். திட்டை மறைக்க சிகிச்சை உண்டு, அவசரமில்லை.

அதே ஊர்: அப்படியென்றால் ஃப்ளூரைடு பேஸ்ட்டும் கூடாதா?

துப்பிவிடுகிற பேஸ்ட் வேறு, தினம் குடிக்கிற தண்ணீர் வேறு. பேஸ்ட் வேண்டும், சொத்தையைத் தடுப்பது அதுதான். 3 வயதுக்குள் அரிசி அளவு, 6 வரை பட்டாணி அளவு. விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஏற்காடு: ஆரஞ்சு சீசனில் பல் கூசுகிறது. தின்றதும் உடனே துலக்கிவிடுகிறேனே?

அந்த ‘உடனே’தான் வம்பு. புளிப்பில் எனாமல் சற்று இளகியிருக்கும்போது தேய்த்தால் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: வேப்பங்குச்சி, கரி, செங்கல் பொடியால் துலக்கலாமா?

குச்சியை நன்றாக மென்று நாராக்கினால் சரி. கரியும் செங்கல் பொடியும் எனாமலை அரிக்கும். புகையிலை கலந்த பல்பொடி வேண்டவே வேண்டாம்.

சூரமங்கலம்: ராத்திரி தட்டுவடை செட் சாப்பிட்டு அப்படியே படுத்துவிடுவேன். காலையில் ஒழுங்காகத் துலக்கினால் போதாதா?

போதாது. தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும். இடுக்கில் ஒட்டிய மாவு விடிய விடிய அமிலமாகும். இருவேளையும் துலக்குங்கள். ஒருவேளைதான் முடியும் என்று அடம்பிடித்தால், இரவை வைத்துக்கொள்ளுங்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும், குடம் குடமாகக் கொப்பளிக்க வேண்டாம்.