சர்லாவில் நான்கு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு

அம்மாவுக்கு முழங்கால் வலி, மகனுக்குக் குகை ஓவியம் பார்க்க ஆசை, வீட்டில் எல்லோரும் சைவம்; பிரான்சின் டோர்டோன் பகுதியில், சர்லாவில் தங்கி எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குகை ஓவியம் என்றாலே எல்லோரும் லாஸ்கோ குகை என்பார்கள். அசல் குகையை 1963லேயே மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது 2016இல் திறந்த நகல். நேர்த்தியான நகல்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு என் தேர்வு ரூஃபிஞாக். அங்கே குகைக்குள் மின்ரயில் ஓடுகிறது. அம்மா பெரும்பாலும் உட்கார்ந்தபடியே அசல் ஓவியங்களைப் பார்க்கலாம். கூரை ஓவியத்துக்கு மட்டும் சற்று இறங்கி நிற்க வேண்டும். கறுப்புக் கோடுகளில் 150க்கும் மேற்பட்ட மாமூத் யானைகள்! சுவரில் குகைக்கரடிகள் நகத்தால் கீறிய தடங்களும் உண்டு, மகனுக்குக் காட்டுங்கள். உள்ளே 13 டிகிரிதான், சால்வையை மறக்காதீர்கள். குளிர்காலத்தில் குகை திறந்திருக்காது.

இன்னொரு நாள் டோர்டோன் ஆற்றங்கரைக் கிராமமான லா ரோக் கஜாக். அம்மாவைக் கபார் என்னும் தட்டையடிப் படகில் ஏற்றிவிட்டு, நீங்களும் மகனும் துடுப்புப் படகில் போங்கள். ஆற்றிலிருந்தே காஸ்தெல்னோ கோட்டை தெரியும்.

சாப்பாட்டில்தான் உஷார். சர்லா உருளைக்கிழங்கு என்று உணவுப்பட்டியலில் பார்த்து, சைவம்தானே என்று நம்பிவிடாதீர்கள். வாத்துக் கொழுப்பில் வறுத்தது அது. பாதித் தட்டு காலியான பிறகுதான் நான் விசாரித்தேன்! சமையலறை உள்ள வீடாக எடுங்கள். புதன், சனிக்கிழமைகளில் சர்லா சந்தையில் காய்கறி, வால்நட், பருவமானால் ஸ்ட்ராபெரி எல்லாம் கிடைக்கும். காரும் கட்டாயம், கிராமங்களுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது.

எந்த மாதம் போகிறீர்கள்?