‘டார்க் ஹார்ஸ்’ என்றால் என்ன?

தேர்தல், விளையாட்டுச் செய்திகளில் வரும் ‘டார்க் ஹார்ஸ்’ என்ற தொடரின் பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். இது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தில் வழங்கியது. ஓட்டத்திறன் வெளியே தெரியாததால் பந்தயம் கட்டுவோர் கணிக்க இயலாத குதிரையைக் குறித்தது. ‘டார்க்’ என்பது இங்கே நிறத்தை அன்று, மறைந்திருக்கும் தன்மையையே சுட்டுவதால், ‘கறுப்புக் குதிரை’ என்று எழுதுவது பொருளைச் சிதைக்கிறது.

பின்னர், யாரும் எதிர்பாராமல் முன்னுக்கு வரும் போட்டியாளரையும் இது குறிக்கலாயிற்று. அரசியலில் இதற்குச் சிறந்த சான்று அமெரிக்க அதிபராக இருந்த ஜேம்ஸ் போல்க். 1844இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில், முதல் ஏழு சுற்றுகளில் ஒரு வாக்குக்கூடப் பெறாத அவர், முன்னணியில் இருந்த வான் பியூரனுக்கும் லூயிஸ் காஸுக்கும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்காத நிலையில், ஒன்பதாம் சுற்றில் அதிபர் வேட்பாளராகி, அவ்வாண்டுத் தேர்தலிலும் வென்றார்.

பிரித்தானியர் இதை அன்றாடப் பேச்சிலும் ஆள்கிறார்கள்: அமைதியான சக ஊழியர் அருமையாகப் பியானோ வாசிப்பார் என்று திடீரெனத் தெரியவந்தால், அவரையும் இவ்வாறே சொல்வார்கள்.