கோவளத்தில் எங்கே தங்கலாம், எங்கே குளிக்கலாம்?

கேள்வி: ஜனவரியில் நாகர்கோவிலிலிருந்து காரில் கேரளத்துக் கோவளம் போகிறோம். இரண்டு சிறு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள அம்மா. இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே தங்குவது, கடலில் குளிக்கலாமா, பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

பதில்: ஜனவரி நல்ல மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் கொந்தளிக்கும். நீங்கள் திருவனந்தபுரம் நகருக்குள் போய் நெரிசலில் மாட்ட வேண்டாம். பாலராமபுரத்திலேயே விழிஞம் சாலையில் திரும்பிவிடுங்கள்.

கலகலப்பு எல்லாம் தெற்கே, லைட்ஹவுஸ் பீச்சில்தான். ஆனால் அங்கே பல விடுதிகளுக்குக் கரையோர நடைபாதை வழியாகத்தான் போக முடியும். அறை பதிவு செய்யும் முன் "கார் வாசல் வரை வருமா, எத்தனை படி ஏறணும்?" என்று போனில் கேளுங்கள். அம்மாவுக்காக இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அமைதி வேண்டுமென்றால் வடக்கே சமுத்ரா பீச்.

அடுத்து குளியல். கோவளத்துக் கடல் பார்க்கச் சாது, ஆனால் இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், மணல் கலங்கி ஓடும். அங்கேதான் தண்ணீர் கடலை நோக்கித் திரும்பிப் போகிறது. பிள்ளைகளுக்கு வசதியான இடம் என்று நாம் நினைப்பதும் அதைத்தான்! சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி இருந்தால் கணுக்காலோடு சரி. பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

காலையில் சீக்கிரம் எழுந்தால் கரமடி, அதாவது கரைவலை, இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையாக நின்று, குரல் கொடுத்துக்கொண்டே வடத்தை இழுப்பார்கள். வலை கரையேறும்போது நெத்திலி துள்ளும். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

மாலையில் கலங்கரை விளக்கம். 1972-இல் வந்தது, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. மேலிருந்து பார்த்தால் கரையின் பிறை வளைவுகள் தெரியும். பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளைப் பக்கத்து ஊரான விழிஞத்துக்குக் கொடுங்கள். பாறையைக் குடைந்து செய்த எட்டாம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. சின்னதுதான், சிற்பங்கள் முழுதாக முடிக்கப்படவில்லை. ஆனால் இந்தப் பகுதியை அந்தக் காலத்தில் ஆண்ட ஆய் மன்னர்களின் துறைமுகம் இது, பாண்டியர் செப்பேட்டில் பேசப்படும் ஊர். நம் ஆட்கள் பலர் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்புவது எனக்கு வருத்தம். கொஞ்சம் தெற்கே போனால் ஆழிமலையில் 58 அடி கங்காதரேசுவரர் (சிவன்) சிலை, கடலோரத்தில். திருவனந்தபுரம் நகரிலுள்ள பத்மநாப சுவாமி கோயிலுக்கும் போவதானால் ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை எடுத்து வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு: சிப்பி வறுவலை விடாதீர்கள். கடை வாசலில் பரப்பியிருக்கும் மீனைத் தேர்ந்தெடுத்தால், அடுப்பில் ஏறும் முன்பே எடை போடச் சொல்லி, சமைக்கும் கூலியும் சேர்த்து மொத்த விலையைப் பேசிவிடுங்கள்.