சாயப்பட்டறை வழக்குக்கு எந்த வக்கீல்?

சகோ, பக்கத்துச் சாயப்பட்டறையால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி நாலு மாதம் ஆச்சு, ஊர் வக்கீல் முன்சீப் கோர்ட்டில் போடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயத்தை முன்சீப் கோர்ட் போன்ற உரிமையியல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010 சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது, வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி அலைந்த பிறகு தள்ளுபடி ஆனால் யாருக்கு நஷ்டம்?

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். இழப்பீடு கேட்க மட்டும் 5 வருஷம். அதனால் வக்கீலைப் பார்க்கும்போது "இந்தத் தேதிக் கணக்கு எப்படி?" என்று கேளுங்கள், யோசிக்காமல் பதில் வந்தால் ஆள் அங்கே வாதாடியவர். அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எதிராக அவர் வாதாடிய வழக்குகளின் உத்தரவு நகலைக் கேளுங்கள். எதிரே பட்டறை மட்டுமல்ல, வாரியமும் கலெக்டரும் எதிர்மனுதாரர்கள் ஆவார்கள், அரசு ஆவணம் படிக்கத் தெரியாத வக்கீல் அங்கே திணறுவார்.

இதற்கிடையில் பட்டறையை நடத்த வாரியம் தரும் அனுமதியான இயக்க இசைவாணையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இன்றே அனுப்புங்கள், 10 ரூபாய்தான். தண்ணீரையும் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபீஸ் கட்ட முடியாவிட்டால் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்கள் பெயரில் விண்ணப்பித்தால் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.