ஆங்கில வாசிப்புக்குச் சந்தா கட்டிச் செயலி வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் மாலை நேர ஆங்கில வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். மண்டபத்தில் வைஃபை, ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர் உண்டு. பல வீடுகளில் அப்பாவின் கைப்பேசி மட்டும்தான். மாதச் சந்தா கட்டி வாசிப்புச் செயலி வாங்கலாமா?

பதில்: சந்தா வேண்டாம், டீச்சர். உங்களுக்குத் தேவையானது இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தேடும் முன் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள்.

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்து புதிதல்ல, மலாயில் பழகியதுதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மலாயை ஏறக்குறைய எழுதியிருக்கிறபடியே படித்துவிடலாம். அதில் 'சி' (c) எழுத்துக்கு 'ச்ச' ஒலி, கடைசியில் வரும் 'இ' (e) எழுத்துக்கும் ஒலி உண்டு. அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'கேக்' (cake) என்ற ஆங்கிலச் சொல்லை 'சாக்கே' என்று படிக்கும். இதற்காக அதைத் திட்டாதீர்கள். கற்ற விதியை ஒழுங்காகத்தான் பயன்படுத்துகிறது. விதிதான் இந்த மொழிக்குப் பொருந்தவில்லை. எனவே கண் சொல்லைப் பார்க்கும்போதே சரியான ஒலி காதில் விழ வேண்டும். மின்னணுக் கருவி உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது.

மைக்ரோசாஃப்டின் இம்மெர்சிவ் ரீடரைப் பயன்படுத்துங்கள். படிக்கிற சொல்லை ஒளிரச் செய்தபடி வாசிக்கும், வேகத்தைக் குறைக்கலாம், ஒரு வரியை மட்டும் காட்டி மற்றவற்றை மங்கலாக்கலாம். எட்ஜ் உலாவியிலேயே இருக்கிறது. கதைகளுக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் போதும். படக்கதைகள் 4 வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பதிவிறக்கி அச்சடிக்கவும் அனுமதி உண்டு.

நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்டிப்பாக இருங்கள். துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, 100 சொற்களில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்கிறது ஹூ, நேஷன் என்ற இரு மொழி ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு. வீட்டுக்குக் கொடுத்துவிடும் கதையில் பக்கத்துக்குப் பத்துச் சொல் தெரியவில்லையா? தயங்காமல் ஒரு நிலை கீழே இறங்குங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை முதல் நிலைக் கதை படிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கருவி வாசித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும். அது வாசிப்பு ஆகாது. முதல் முறை ஒலியோடு, கண் வரியில் இருக்கட்டும். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு எல்லாரும் சேர்ந்து படிக்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் தனியாக நாலைந்து வரி படித்துப் பதிவு செய்து, தன் குரலைத் தானே கேட்கட்டும். மூன்றாவதைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுவோம். விடாதீர்கள். தன் தவற்றைப் பிள்ளை தானே பிடிப்பது அங்கேதான். மொழிபெயர்ப்புப் பொத்தானை ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் அனுமதியுங்கள். முழு வாக்கியமும் தமிழில் வந்துவிட்டால், கண் மறுபடி ஆங்கில வரிக்குத் திரும்பாது.

எல்லாவற்றையும் திரையில் காட்டவும் வேண்டாம். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் ஓர் அலசல், தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டதாகக் காட்டியது; கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. கதைக்குத் திரை, கருத்தறிதல் பகுதிக்குத் தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு விஷயம். அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைப்பேசி. தோட்டத்துக்குள் லைன் கிடைப்பதும் நிச்சயமில்லை. அதனால் பெரிய செயலி எதையும் பதிவிறக்கச் சொல்லாதீர்கள். கதையின் இரண்டு பக்கங்களை அச்சடித்துக் கொடுத்து, அவற்றை நீங்களே நிதானமாக வாசித்து வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவாக அனுப்புங்கள். சிறிய கோப்பு, லைன் கிடைக்கும்போது வந்து சேரும். இயந்திரக் குரலைவிட டீச்சரின் குரலுக்குப் பிள்ளை அதிகம் காது கொடுக்கும். பதிலுக்குப் பிள்ளை அனுப்பும் பதிவில் ஒவ்வொரு பிழையையும் குறிக்காமல், ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 'இ' ஒலிக்காது என்பதிலிருந்தே தொடங்கலாம். அந்தப் பதிவை மற்ற பிள்ளைகள் முன்னால் போட்டுக் காட்டாதீர்கள். கைப்பேசியே கிடைக்காத பிள்ளைகள் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து மடிக்கணினியில் பதிவு செய்துவிடட்டும்.