பூ விழுமா டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: ஆபரேஷன் செய்த கண்ணில் தழும்பு விழுமா? நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு மைனஸ் ஆறு பவர். கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டுச் செய்யும் லேசர் சிகிச்சை எடுத்து இரண்டரை மாதம் ஆகிறது. முதலில் பளிச்சென்று இருந்த பார்வை இப்போது லேசாக மங்குகிறது, இரவில் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது. லாசிக் செய்துகொண்ட தோழிக்கு மறுநாளே எல்லாம் தெளிவாகிவிட்டது. எனக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டதா? கண் சிவக்கவே இல்லை என்பதால் சொட்டு மருந்தை நானே ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

பதில்: போகிற போக்கில் சொன்ன அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதன் மேல்தோல் வேகமாக வளரும், பெரும்பாலும் நாலைந்து நாளில் மூடிக்கொள்ளும், அதுவரைக்கும்தான் ஒரு மெல்லிய காண்டாக்ட் லென்ஸைக் கட்டுப் போடுகிற மாதிரி வைத்து அனுப்புகிறார்கள். அதை எடுத்ததும் உறுத்தல் குறைந்துவிடும், 'ஆறிடுச்சு' என்று எல்லோரும் முடிவுகட்டி விடுவார்கள். ஆனால் லேசர் செதுக்கியது அதற்குக் கீழே இருக்கிற அடுக்கை. அங்கே ரத்தக் குழாயே கிடையாது, ஆறுகிற வேலை மாதக்கணக்கில் நடக்கும். அந்த அடுக்கில் கொலாஜன் இழைகள் தறியில் பாவு ஓட்டியது போல ஒரே சீராக இருப்பதால்தான் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. காயம் பட்டதும் அங்கிருக்கும் செல்களில் சில உருமாறி, அவசரத்துக்குப் புது இழைகளைத் தாறுமாறாகப் போட்டு அடைக்கின்றன, அந்த இடம் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மங்கிப்போகிறது. நாங்கள் இதை ஹேஸ் என்போம். பூ விழுந்தது என்று சொல்கிறோமே, அந்த வெள்ளைத் தழும்பு இதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது.

உங்களுக்கு வந்திருப்பது ஹேஸ்தானா என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும், கண் வறட்சியாலும் பவர் கொஞ்சம் திரும்பியதாலும் இதே மாதிரி மங்கலாம். ஹேஸ் என்றாலும் பயந்துவிட வேண்டாம், லேசானவை பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகக் கரையும். பவர் அதிகமுள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல், வெயிலும் இதற்கு ஆகாது, அதனால் கூலிங் கிளாஸை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்வதே இந்த அவசர வேலையை அடக்கி வைக்கத்தான். அதற்காக மீதி பாட்டிலைத் தேடி எடுத்து மறுபடி போட ஆரம்பித்துவிடாதீர்கள், அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடிய மருந்து, திறந்து ஒரு மாதம் தாண்டிய பாட்டில் வேறு. இந்த வாரமே போய்க் காட்டுங்கள், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் தோழி விஷயம் வேறு. லாசிக்கில் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் தூக்கி, அடியில் லேசர் கொடுத்து, மூடியைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள், அதனால் மங்கலும் வலியும் குறைவு. ஆனால் அந்த மூடி ஓரத்தில் மட்டும்தான் உறுதியாக ஒட்டும், நடுவில் பழைய பலம் திரும்புவதில்லை. பல வருஷம் கழித்துக் கண்ணில் பலமாக அடிபட்டு மூடி நகர்ந்தவர்கள் உண்டு.

கேள்வி: எனக்கு உடம்பில் சின்னக் காயம் பட்டால்கூடத் தழும்பு தடித்துப் புடைத்துவிடும். கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. அந்தத் தடித்த தழும்பு, அதாவது கீலாய்டு, தோலின் சமாச்சாரம். இமைத் தோலிலேயே அபூர்வம், கருவிழியில் அதைவிட அபூர்வம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போதும்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் நடந்தது. 'புண் முழுசா ஆறாம இருக்க மருந்து வெச்சிருக்கோம்' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் அரண்டுபோயிருக்கிறோம். சரியாகத்தான் சொன்னாரா?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். இந்த ஆபரேஷனில் கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு குட்டிக் கதவு செய்து, உள்ளே தேங்கும் நீர் அதன் வழியாகக் கசிந்து மேல் சவ்வுக்கு அடியில் வந்து சேர வழி விடுகிறார்கள். மேல் இமையைத் தூக்கினால் தெரியும் சின்னக் கொப்புளம் அந்த நீர்தான். மேலே உள்ள தையல் இடம் ஆற வேண்டும், அடியில் அந்த வழி ஆறி மூடக் கூடாது. உடம்புக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? அது ஓட்டையைக் கண்டால் அடைக்கும், அடைத்தால் அழுத்தம் பழையபடி ஏறும். மைட்டோமைசின் என்ற மருந்தில் நனைத்த பஞ்சை ஓரிரு நிமிஷம் வைத்துக் கழுவிவிடுவது அதற்காகத்தான். புற்றுநோய்க்கும் தருகிற மருந்து என்று எங்கேயாவது படித்துப் பதறாதீர்கள், முதல் கேள்வி கேட்டவர் மாதிரி பவர் அதிகமுள்ளவர்களுக்கு லேசர் செய்யும்போதும் இதையே துளி வைப்பதுண்டு.

இந்த ஆபரேஷனில் கத்தி வேலை பாதிதான், முதல் சில வாரங்களில் அடிக்கடி வரச் சொல்லி, தேவைப்பட்டால் தையலை லேசரால் தளர்த்தி, வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மீதி. ஒரு செக்கப்பைக்கூட விடாதீர்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் கண் சிவந்து, வலித்து, பூளை தள்ளினால் அன்றைக்கே ஓட வேண்டும், ஏனென்றால் அந்தக் கொப்புளத்தின் சவ்வு மெல்லியது, கிருமி உள்ளே போக அதிக நேரம் ஆகாது.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனில் தையலே போடவில்லை. மறந்துவிட்டார்களோ?

பதில்: மறக்கவில்லை. வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், அதையும் நேராகக் குத்தாமல் சுரங்கம் மாதிரி சாய்வாகப் போடுவதால் கண்ணின் உள் அழுத்தமே அதை அமுக்கி மூடிவிடும். ஆனால் அம்மா தூக்கத்தில் கண்ணைத் தேய்க்கிற பழக்கம் உள்ளவர் என்றால், கொடுத்த பிளாஸ்டிக் மூடியை டாக்டர் சொன்ன நாள்வரை ராத்திரியில் கட்டாயம் ஒட்டிவிடுங்கள். அப்புறம், சொட்டு மருந்து விடும்போது பாட்டில் நுனி இமை முடியில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.