புது கேரவன் மலையேற மறுக்கிறது, யாரைக் கேட்பது?

கேள்வி: நான் ஈரோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். மனைவியோடு ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில், 17 லட்சத்துக்கு ஒரு டீலரிடம் சேஸி (எஞ்சின், சக்கரங்களோடு கூடிய அடிச்சட்டம்) வாங்கி, வெளி மாவட்டப் பட்டறை ஒன்றில் 14 லட்சம் கொடுத்து கேரவனாகக் கட்டினேன். வண்டி எடுத்து ஏழு மாதம் ஆகிறது. திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் விளக்கு எரிந்து இழுவை குறைந்துவிடுகிறது. இறங்கும்போது பின்சக்கரத்தில் கருகல் வாடை. ராத்திரி எங்காவது தங்கினால் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. நான்கு முறை சர்வீசுக்கு விட்டாயிற்று. “பாடி கட்டியவர் ஒயரிங்கில் கை வைத்துவிட்டார், வாரண்டி செல்லாது” என்கிறது சேஸி கம்பெனி. “எஞ்சினுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்கிறது பட்டறை. மாதத் தவணையை நிறுத்திவிடலாமா? கொடுத்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஐயா, தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடன் கடன்தான். வங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சியே கையை விட்டுப் போய்விடும்.

சேஸி ஒருவர், பாடி ஒருவர் என்று கட்டிய வண்டிகளில் இப்படி ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவது வழக்கமாக நடப்பதுதான். தவறு யாருடையது என்று கண்டுபிடிக்கும் வேலையை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். சேஸி தயாரிப்பாளர், டீலர், பட்டறை மூவரையும் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் ஒரே புகாரில் எதிர்தரப்பினராகச் சேருங்கள். இரண்டு தனித்தனி ஒப்பந்தங்களை ஒரே புகாரில் கொண்டுவரக் கூடாது என்று ஆட்சேபிப்பார்கள். வண்டி ஒன்று, கோளாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, பிரிக்க முடியாது என்பதே நம் பதில். ஒருவர் மீது ஒருவர் பழி போட்டு அவர்கள் தாக்கல் செய்யும் பதிலுரைகள் பெரும்பாலும் உங்களுக்கே உதவும்.

ஆனால் கோளாறு இருக்கிறது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் நான்கு ஜாப் கார்டுகளையும் (சர்வீசுக்கு விடும்போது குறைகளை எழுதித் தரும் சீட்டு) எடுத்துப் பாருங்கள். “மலை ஏறும்போது இழுவை இல்லை, பிரேக்கில் கருகல் வாடை” என்று நீங்கள் வாயால் சொல்லியிருப்பீர்கள். சர்வீஸ் அட்வைசர் “ஜெனரல் செக்கப்” என்று எழுதியிருப்பார், நீங்களும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் காகிதத்தைப் பார்க்கும் ஆணையத்துக்கு, நீங்கள் குறையே சொல்லவில்லை என்றுதான் தோன்றும். இனிமேல் உங்கள் வார்த்தையிலேயே குறையை எழுத வைத்து, கிலோமீட்டர் அளவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கையெழுத்திடுங்கள். மறுத்தால் அன்றைக்கே இமெயிலில் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று ஸ்கேன் ரிப்போர்ட். எஞ்சின் விளக்கு எரிந்தால் அதற்கான பிழைக் குறியீடு வண்டியின் கணினியில் பதிவாகியிருக்கும். சர்வீசில் அதை அழித்துவிட்டு, விளக்கு அணைந்தது, சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அழிப்பதற்கு முன்பு பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு உங்கள் வண்டியின் எடை மேல்தான் சந்தேகம். கட்டில், அலமாரி, ஃப்ரிட்ஜ், பேட்டரிகள், தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள். 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் அதுவே 150 கிலோ. தொட்டி பின் ஆக்ஸிலுக்கும் (சக்கர அச்சு) பின்னால் இருந்தால் அத்தனையும் பின்சக்கரத்தை அழுத்தும். எடை மேடைக்குப் போய் முழு வண்டியை ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறை எடை போட்டு ரசீது வாங்குங்கள். தொட்டி காலியாகவும் நிரப்பியும் இரண்டு விதமாகப் போட்டால் இன்னும் நல்லது. ஆர்.சி.யில் உள்ள வெற்று எடை, மொத்த எடையோடும், கையேட்டில் உள்ள ஆக்ஸில் வரம்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் இழுவைக்கும் பிரேக்குக்கும் பட்டறையே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரம்புக்குள் இருந்தால் பந்து சேஸி கம்பெனி பக்கம் போகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகாதது வேறு கதை. உள்ளே ஓடும் ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் எஞ்சின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பது போலத் தெரிகிறது. தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து ஒயரிங்கை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு ஒயரை நகர்த்தினாலும் மொத்தப் பழியும் உங்கள் மேல் வந்து விழும்.

கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவமா என்று பட்டறையிடம் எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் வண்டி என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அங்கே சிக்கல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி உரிமையாளரான உங்களுக்கும் தலைவலி உண்டு. புகார் கொடுப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். 31 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், “அடுத்த சர்வீசில் பார்த்துவிடலாம்” என்ற பேச்சில் அதைக் கரைத்துவிடாதீர்கள். புகாரோடு சேர்த்து, வண்டியை நிபுணர் சோதனைக்கு அனுப்பக் கோரி 38-வது பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். சோதனைச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். கையைக் கடித்தாலும் கட்டுங்கள், இந்த வழக்கு அந்த அறிக்கையில்தான் நிற்கும். அதற்கு முன் மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து வையுங்கள், சில சமயம் அதிலேயே பேச்சு வார்த்தைக்கு வந்துவிடுவார்கள்.

முழுப் பணமும் கிடைக்குமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றுவதற்கு அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. சரிசெய்யவே முடியாத கோளாறு என்று நிபுணர் அறிக்கை சொன்னால்தான் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு வலு வரும். அதனால் பணம் திரும்ப வேண்டும், இல்லையேல் அவர்கள் செலவில் முழுமையாகச் சரிசெய்து இழப்பீடும் தர வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையாக எழுதுங்கள். பழுதான பொருளால் வரும் தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும், அதே சட்டத்தின் ‘தயாரிப்புப் பொறுப்பு’ அத்தியாயத்தையும் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லலாம். அங்கே ‘தீங்கு’ என்பதில் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அடங்காது என்று சட்டமே சொல்வதால், இப்போதைக்கு உங்களுக்கு அது பயன்படாது.

வண்டியை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? ஒரே ஒரு முறை என்றாலும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வணிக நோக்கம் என்று சொல்லி நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதாட எதிர்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கருகல் வாடைதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த ஆணையமும் உங்களைக் காப்பாற்ற முடியாது. பிரேக்கைச் சோதித்து எழுத்தில் உறுதி தரும்வரை மலைப்பாதைக்கு எடுக்காதீர்கள். இந்தக் காரணத்தால் வண்டியை மலைக்கு எடுக்க முடியவில்லை என்று மூவருக்கும் இன்றைக்கே ஒரு இமெயில் போடுங்கள். வண்டி சும்மா நிற்கும் நாட்களுக்கான இழப்பீட்டை அந்தத் தேதியிலிருந்து கேட்போம்.